அம்மாவை உட்கார வைக்காதீர்கள்!

பெங்களூரில் எங்கள் அபார்ட்மெண்டில் சாயங்காலம் கீழே இறங்கினால் தினமும் ஒரே காட்சிதான். பேரன் பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அம்மாக்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் குனிந்து கோலம் போட்டவர்கள், தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கியவர்கள். இங்கே வந்ததும் நாம் என்ன சொல்கிறோம்?

"நீங்க சும்மா உக்காருங்கம்மா, எல்லாம் வேலைக்கு வர்றவங்க பாத்துக்குவாங்க."

லிஃப்ட், சோஃபா, சீரியல். ராணி மாதிரி வைத்திருக்கிறோம் என்ற பெருமை வேறு!

இதைப் பாசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை, மன்னிக்கவும். வேலை கொடுக்காத தசை எந்த வயதிலும் இளைக்கும். வயதானவர்களுக்கு இளைத்ததை மீட்பது இன்னும் கஷ்டம். ஒரு நாள் பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் மட்டும் டைல்ஸைத் திட்டுவோம்.

"தினமும் வாக்கிங் போறாங்களே?" நல்லதுதான், ஆனால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பாருங்கள். 65 வயதானவர்களுக்கு நடை போன்ற உழைப்பு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். அதோடு 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், 3 நாள் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் வேண்டும்.

"இந்த வயசுல எதுக்குங்க?" என்பவர்களுக்கு: 1990-ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டிய 10 பேருக்கு 8 வாரம் காலுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. நம் அம்மாக்களுக்கு அவ்வளவு வயதுகூட ஆகவில்லை.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார்கிறார் என்று எண்ணுங்கள். பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். 70 முதல் 74 வயதுப் பெண்கள் 10 தடவைக்குக் குறைந்தால் விழும் ஆபத்து அதிகம் என்கிறது அமெரிக்க நோய்த் தடுப்பு மையம். அதே எழுந்து உட்காருவதுதான் பயிற்சியும். காசே வேண்டாம். இதய நோய், மூட்டுவலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கூடவே, ராத்திரி ரெண்டு இட்லியோடு நிறுத்தாமல் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் என்று எதையாவது சேர்த்துக் கொடுங்கள்.

டிஸ்கி: என் அம்மாவுக்கு 71 வயது. ஆறு தடவைதான் எழுந்தார். அவரை மூன்று வருடமாக உட்கார வைத்திருந்தது நான்தான்.