வேடந்தாங்கல் பட்டயமும் கல்பாக்கத்துக் கண்ணாடியும்

மார்கழி பிறந்ததும் வேடந்தாங்கல் ஏரியின் நீர்க்கடம்பு மரங்கள் வெண்மையாகிவிடுகின்றன. நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் கிளைக்குக் கிளை குடியேறிவிடுகின்றன. அச்சிறுபாக்கம் மழைமலை மாதா திருத்தலத்துக்குச் சென்று திரும்பும் நம் குடும்பங்களுள் பல, பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக அந்த ஏரிக்கரையில் இறங்குவது வழக்கம். பறவைகளைக் கண்டு மகிழும் நாம், அவை இன்றும் அங்கே இருப்பதற்குக் காரணமான ஒரு பட்டயத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

வெள்ளைச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுத்தாக வழங்கினார். 1858இல் ஊரார் அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். அவர்கள் கேட்டது பறவைப் பாசத்தால் மட்டுமன்று. எச்சம் கலந்த ஏரிநீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. கும்பினி ஆட்சி போயிற்று. பேரரசின் ஆட்சியும் போயிற்று. காவல் மட்டும் இருநூறு ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. காப்பவர்களுக்குத் தாம் எதனைக் காக்கிறோம் என்பது தெரிந்திருந்தது. காக்க வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களே.

அந்த ஏரியிலிருந்து நேர்கிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில், இதைவிட நெடுங்காலம் காக்க வேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அதன் அளவு என்ன, அது எத்தனை ஆண்டுகள் அங்கேயே இருக்கும் என்று புதுப்பட்டினத்து மக்களையோ மெய்யூர் மீனவரையோ கேட்டுப் பாருங்கள். எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. அவர்களைக் கேட்கவும் இல்லை.

அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்னும் வழக்கை இங்கே நாம் தொடுக்கவில்லை. கல்பாக்கத்தில் பணியாற்றும் குடும்பங்கள் நம் பங்குகளிலும் உண்டு. அவர்கள் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கல்பாக்கத்தின் முதல் உலை 1984இல் வணிக முறையில் மின்சாரம் தரத் தொடங்கியது, இரண்டாவது 1986இல். மின்சாரம் அன்றன்றே செலவாகிவிட்டது. கழிவு செலவாகவில்லை. நம் வழக்கு அதைப் பற்றியதே.

அரசின் கொள்கை இது. உலையிலிருந்து எடுத்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, அதிலிருந்து புளூட்டோனியத்தையும் யுரேனியத்தையும் பிரித்தெடுக்கிறார்கள். எஞ்சும் கடுங்கதிர்வீச்சுத் திரவத்தைக் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலங்களில் அடைக்கிறார்கள். இதற்கான ஆலைகள் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் உள்ளன. அக்கலங்களை 30 ஆண்டுகளோ அதற்கு மேலோ குளிர்வித்துக் கண்காணித்த பின், நிலத்தின் அடியாழத்தில் நிரந்தரமாகப் புதைக்க வேண்டும். ஆனால் புதைப்பதற்கான இடம் எங்கே என்று கேட்டால், கழிவின் அளவு மிகக் குறைவு, ஆதலால் அண்மைக் காலத்தில் அத்தகைய இடம் தேவையில்லை என்பதே நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பத் தரப்படும் விடை.

அளவு குறைவு என்பது உண்மையே, மறுக்கவில்லை. ஆயின் நஞ்சை அளக்கும் மரக்கால் வேறு. அக்கண்ணாடியில் உள்ள சீசியமும் ஸ்ட்ரான்சியமும் சுமார் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் ஆகும். அதே கண்ணாடியில் கலந்திருக்கும் நெப்டூனியம் பாதியாவதற்கே 20 இலட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும். இன்று தேவையில்லை என்று சொல்லும் அரசு, என்று தேவைப்படும் என்று சொல்வதில்லை. முடிவு நாள் குறிக்காத தற்காலிகம் நிரந்தரமே அன்றோ? அறிவிப்பின்றி, வாக்கின்றி, ஒரு கடற்கரையை நிரந்தரக் கிடங்காக்கும் வழி இது.

முந்நூறு ஆண்டுகள் என்றால் என்னவென்று அறிய வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கல்பாக்கத்தை அடுத்தே சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை இருக்கிறது. அங்குள்ள கல்லறைகளில் அழகிய எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். இறந்தவர்களின் புகழை எக்காலத்தவரும் வாசிப்பார்கள் என்று நம்பித்தான் செதுக்கினார்கள். இன்று அவ்வூரில் டச்சு மொழியை வாசிப்பவர் யார்? சற்று வடக்கே மாமல்லபுரத்தில் பல்லவர் பொறித்த எழுத்தையும் பிற்கால அறிஞர்கள் எழுத்துக்கூட்டித்தான் மீட்டெடுத்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று வந்த கடல், அதே மாமல்லபுரத்தில் மணலுக்குள் மறைந்திருந்த சிற்பங்களை வெளியே காட்டிச் சென்றது. அன்றே கல்பாக்கத்துக் குடியிருப்பில் உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதிவேக ஈனுலைக்காகத் தோண்டிய பள்ளத்தை நிரப்பிற்று. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதற்காக ஊழியர்களைப் பாராட்டுகிறோம். ஒரு நாளைத் திறமையாகக் கடந்தது, நூற்றாண்டுகளைக் கடப்பதற்குச் சான்றாகாது.

கடல் வராத நாளிலும் தவறு நேர்ந்தது. 2003 ஜனவரி 21 அன்று கல்பாக்கம் மறுபதப்படுத்தும் ஆலையில் ஒரு வால்வு பழுதானது. குறைந்த கதிர்வீச்சுக் கழிவுக்கான தொட்டிக்குள் கடுங்கதிர்வீச்சுக் கழிவு புகுந்துவிட்டது. அதை அறியாமல் பணி செய்த தொழிலாளர் ஆறு பேர் வரம்பு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாயினர். நாட்டு மக்கள் அதனைச் சரிவர அறிந்தது மாதங்கள் கழிந்த பின்னரே. ஒரு வால்வின் பழுதை ஆறு மாதம் மறைக்கும் பழக்கம், ஆயிரம் ஆண்டுக் காவலை எவ்வாறு ஏற்கும்?

கூடங்குளம் வழக்கில் இக்கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. 2012 நவம்பரில் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டது. அவ்வூர் மக்கள் கொதித்தெழுந்தார்கள்; உடனே அப்படியொரு திட்டமே இல்லை என்று மறுத்துவிட்டார்கள். கோலார் கொதித்ததால் விடை கிடைத்தது. கொதிக்காத ஊருக்கு? 2013 மே 6ஆம் நாள் தீர்ப்பில், ஆழ்நிலக் காப்பகத்தை விரைந்து அமைக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. உலைக்கு வெளியே இடைக்காலக் கிடங்கு அமைக்க ஐந்து ஆண்டுகள் தந்தது. அதுவும் முடியவில்லை, 2018இல் நான்கு ஆண்டு அவகாசம் கேட்டுப் பெற்றார்கள். ஆழ்நிலக் காப்பகத்துக்கோ இடமே குறிக்கப்படவில்லை.

முடியாத காரியமா இது? பின்லாந்தில் ஒரு நகராட்சி மறுத்தால் அங்கே அணுக்கழிவைப் புதைக்க முடியாது, சட்டம் அப்படி. யூராயோக்கி நகராட்சி மன்றம் 2000இல் இசைந்தது. நாடாளுமன்றம் 2001இல் ஒப்பியது. அதன் பின்னரே 400 மீட்டருக்கும் ஆழமாகப் பாறையைக் குடையத் தொடங்கினார்கள். சுவீடனிலும் உள்ளூர் மன்றம் 2020இல் இசைவு தந்த பிறகே அரசு அனுமதி அளித்தது. நம் கிராம சபை ஒன்றுக்கு இவ்வுரிமை உண்டா?

2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம் தனியாரையும் உலைத் தொழிலுக்குள் அழைத்தது. கடுங்கதிர்வீச்சுக் கழிவை மட்டும் நடுவண் அரசின் பொறுப்பிலேயே வைத்தது. பாதுகாப்புக்காக என்பார்கள், அதில் நியாயமும் உண்டு. ஆயினும் இலாபம் ஒருவருக்கு, எச்சம் பொதுமக்களுக்கு என்னும் பங்கீடு நமக்கு உறுத்துகிறது. வேடந்தாங்கல் எச்சம் வயலுக்கு உரமாயிற்றே!

இடிந்தகரை லூர்து மாதா ஆலய முற்றத்தில் நம் மக்கள் ஆண்டுக்கணக்காக அமர்ந்து கேட்ட கேள்விகளுள் இதுவும் ஒன்று. அப்போது நம்மில் பலர், அது தெற்கத்திய மீனவர் விவகாரம் என்று ஒதுங்கியிருந்தோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில், வரும் தலைமுறைக்குச் செய்ய வேண்டியதைத் தருமமாக அன்றி நீதியாகவே கருதச் சொன்னார். நீதி என்றால் கணக்கு வேண்டும். கல்பாக்கத்தில் எத்தனை கலங்கள் உள்ளன, இன்னும் கண்ணாடியாகாத திரவம் எவ்வளவு, எந்த ஆண்டுக்குள் அவை அங்கிருந்து அகற்றப்படும் என்பதை எழுத்தில் தரவேண்டும், தமிழில் தரவேண்டும். 1798இல் ஓர் அயல்நாட்டுக் கலெக்டர் ஏரிக்கரை உழவருக்கு எழுதிக் கொடுத்தார். கல்பாக்கத்துச் சுற்றூர்களில் இனி எந்தக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டாலும் நம் பங்குகளிலிருந்து சென்று முதலில் கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.