திரையில் மறைக்கலாம், வார்டில் மறைக்க வேண்டாம்

இரவுச் சுற்றுக்கு வரும்போது நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. நோயாளி உறங்கிக்கொண்டிருப்பார். கட்டிலின் கீழே பாய் விரித்து, கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்து, உடனிருப்பவர் ஏதேனும் ஒரு படம் பார்த்துக்கொண்டிருப்பார். என்னைக் கண்டதும் தவறு செய்தவர்போலச் சட்டென்று அணைத்துவிடுவார். அணைக்க வேண்டியதில்லை. ஒலியைக் குறைத்துக்கொண்டால் போதும். நோயாளியைவிட உடனிருப்பவர் சோர்ந்துபோகும் இரவுகள் பல. அந்த இரவுகளைக் கடக்க ஒரு நல்ல படம் உதவும் என்றால் மருத்துவனாகிய எனக்கு மகிழ்ச்சியே. நானும் படம் பார்ப்பவன்தான்.

ஆயினும், படம் முடிந்த பின்னும் அதில் வரும் சில எண்ணங்கள் நம்மோடு வார்டுக்குள் வந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இம்முறை எழுத விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு முதியவரை அவருடைய மகன் அழைத்துவந்திருந்தார். பரிசோதனை முடிவுகள் வந்தன. புற்றுநோய் ஈரல்வரை பரவியிருந்தது. மகன் என்னைக் கதவோரம் அழைத்துக் கைகூப்பினார். “அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். வயித்துப் புண்ணுன்னு சொல்லியிருக்கோம். தெரிஞ்சா தாங்கமாட்டாரு” என்றார். தந்தைக்குத் தெரியாமலே மரவள்ளி போட்டிருந்த ஒன்றரை ஏக்கரை விற்று, பெங்களூருக்கு அழைத்துச்செல்லவும் அவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

அந்த மகனின் அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மறைப்பதே அன்பு என்பதை அவர் எங்கே கற்றார் என்று எண்ணிப் பார்த்தேன். நாம் எல்லோரும் கற்ற இடந்தான். 1982-இல் வெளிவந்து பெருவெற்றி பெற்ற இரு படங்களை நினைத்துக்கொள்ளுங்கள்: கமல்ஹாசன் நடித்த ‘வாழ்வே மாயம்’, மோகன் நடித்த ‘பயணங்கள் முடிவதில்லை’. இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் அதைக் காதலியிடம் சொல்வதில்லை. அவள் தன்னை வெறுக்கும்படி நடந்துகொள்கிறான்; அந்த வெறுப்பையே தன் தியாகமாகச் சுமக்கிறான். தொலைக்காட்சியில் இவற்றைப் பார்த்துச் சிறுவயதில் நானும் அழுதிருக்கிறேன். பாடல்களுக்காக இன்றும் பார்ப்பேன்.

மருத்துவனாகப் பார்க்கும்போது இரண்டு குறைகள் தெரிகின்றன. முதலாவது, புற்றுநோய் என்ற சொல் வந்தவுடன் கதை மரணத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. சிகிச்சைக்கு அங்கே இடமே இல்லை. இன்றைய நிலை அதுவன்று. நாட்பட்ட ரத்தப் புற்றுநோய்களுள் ஒருவகைக்கு 2001-இல் இமாட்டினிப் என்ற மருந்து வந்தது. நாள்தோறும் மாத்திரை விழுங்கிக்கொண்டு, வேலைக்குச் சென்று, பிள்ளைகளுக்குத் திருமணம் முடித்து ஆண்டுக்கணக்கில் வாழ்பவர்கள் இன்று பலர். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைய முடிகிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை முதல், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் வரை இதற்கான சிகிச்சை உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. இவற்றையெல்லாம் நோயாளி பயன்படுத்த வேண்டுமானால், தமக்கு என்ன நோய் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. அப்படங்களில் மறைக்கும் நாயகன் உயர்ந்தவனாகிறான். மறைக்கப்பட்டவளின் வேதனை கடைசிக் காட்சிவரை கணக்கில் வருவதில்லை. திரையில் நோயாளி குடும்பத்திடம் மறைக்கிறார். நம் வார்டில் குடும்பம் நோயாளியிடம் மறைக்கிறது. விளைவு ஒன்றுதான்: ஒருவர் தம் வாழ்வின் மிகப் பெரிய செய்தியை அறியாமல் தனித்து விடப்படுகிறார்.

இதற்கு நேர்மாறான படம் ஒன்று அவற்றுக்கு இருபது ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. ஸ்ரீதர் இயக்கி 1962-இல் வெளிவந்த ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’. கதை பெரும்பாலும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடக்கிறது. புற்றுநோயாளி வேணுவாக முத்துராமன், மனைவி சீதாவாகத் தேவிகா, அவளை முன்பு விரும்பிய மருத்துவர் முரளியாகக் கல்யாண்குமார். தான் பிழைக்காமல் போகலாம் என்பது வேணுவுக்குத் தெரியும். அதை மனத்துக்குள் பூட்டி வைக்காமல் மனைவியிடம் பேசுகிறான். தனக்குப் பின் அவள் வாழ்வு என்னவாக வேண்டும் என்பதையும் பேசுகிறான். அவள் அதிர்கிறாள், கோபிக்கிறாள், அழுகிறாள். ஆனால் இருவரும் ஒரே உண்மைக்குள் நின்று அழுகிறார்கள். சிகிச்சை வெற்றி பெற, மருத்துவர் உயிர்விடும் முடிவை ஒரு நாடகமாகவே கொள்கிறேன். ஓயாமல் உழைக்கும் மருத்துவருக்கும் உறக்கம் தேவை என்ற அறிவுரையாகவும் எடுத்துக்கொள்கிறேன். உடனிருப்பவர்கள் பார்க்க வேண்டிய படம் எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

மகிழ்ச்சி தரும் படம் வேண்டும் என்பவர்களுக்கு 2004-இல் சரண் இயக்கத்தில் வந்த ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ இருக்கிறது. முந்தைய ஆண்டில் வெளிவந்த ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ என்ற இந்திப் படத்தின் தழுவல் அது. அது வந்தபோது நான் பயிற்சி மருத்துவனாக இருந்த காலம். ஆள்மாறாட்டம் செய்து தேர்வில் வெல்வது வேடிக்கை. அதைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் ‘கட்டிப்பிடி வைத்தியம்’ வெறும் வேடிக்கையன்று. நோயாளியைக் கட்டில் எண்ணால் அழைக்காமல் பெயரால் அழைப்பதும், கையைப் பற்றிக்கொண்டு பேசுவதும் எனக்கு எந்தப் பாடநூலும் அந்த அளவு அழுத்தமாகச் சொல்லித்தராத பாடங்கள். அசைவற்றுக் கிடப்பவர் இறுதியில் அசைவது திரைக்குரிய அற்புதம். அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம். எனினும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கண்மூடிக் கிடப்பவரிடம் பேசுங்கள். அவருக்குக் கேட்கக்கூடும்.

அப்படத்தில் என்னை அன்றும் இன்றும் உலுக்குவது, நகைச்சுவை நின்றுபோகும் ஓர் இடம். புற்றுநோயால் வாடும் இளைஞன் ஜாகிர், தன்னைக் காப்பாற்றும்படி ராஜாவிடம் கெஞ்சுகிறான். எல்லாவற்றையும் சிரித்தே சரிசெய்துவிடும் ராஜாவால் அதைச் சரிசெய்ய முடியவில்லை. இளைஞன் அவன் கைகளிலேயே இறந்துபோகிறான். மகிழ்ச்சிப் படம் ஒன்று துணிந்து உண்மை சொன்ன இடம் அது. அன்பு எல்லா நோயையும் குணப்படுத்தாது. ஆனால் குணப்படுத்த முடியாத நோயாளியையும் தனியே விடாது.

இனி, எங்கள் பக்கத்து மறைத்தலையும் பேசியாக வேண்டும். ஏ.ஆர். முருகதாஸ் இயக்கி 2002-இல் வெளிவந்த ‘ரமணா’வில், முன்பே இறந்துபோனவரின் உடலுக்குத் தனியார் மருத்துவமனை ஒன்று சிகிச்சை அளிப்பதாக நடித்துப் பணம் பறிக்கும் காட்சியை அறியாதவர் இல்லை. செயற்கைச் சுவாசக் கருவி பொருத்த ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு முறையும், குடும்பத்தில் ஒருவருடைய கண்ணிலாவது அக்காட்சி ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். சிலர் வாய்விட்டே கேட்பார்கள். முன்பெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது வருவதில்லை. மருத்துவர்கள் விளக்காமல் விட்ட இடத்தைத்தான் அந்தப் படம் நிரப்பியது.

ஆகவே விளக்குகிறேன். சுவாசக் கருவி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும், அவ்வளவே. நின்றுபோன இதயத்தை அது இயக்காது. இதயம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் உடல் குளிர்ந்து விறைக்கத் தொடங்கும்; எந்தக் கருவியாலும் அதை மறைக்க இயலாது. ஐயம் இருந்தால் கேளுங்கள். நாடித்துடிப்பைக் காட்டச் சொல்லுங்கள். கண்காணிப்புத் திரையில் ஒவ்வோர் எண்ணும் எதைக் குறிக்கிறது என்று கேளுங்கள். நாள்தோறும் ஒரு நேரம் குறித்து, நிலைமையைச் சொல்லும்படி கேளுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்பது, ‘ரமணா’ வந்த அதே 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மன்ற நெறிமுறைகளில் உள்ள விதி. கேட்பது உங்கள் உரிமை. அதனால் எங்களுக்கு அவமதிப்பு ஏதுமில்லை.

அதே அளவுகோலை நோயாளியின் பக்கமும் வைக்க வேண்டுகிறேன். மருத்துவர் உங்களிடம் மறைக்கக்கூடாது என்றால், நீங்களும் நோயாளியிடம் மறைக்கலாகாது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்பதன்று. “உங்களுக்கு என்னன்னு தெரிஞ்சுக்கணுமா?” என்று முதலில் அவரைக் கேட்க வேண்டும். வேண்டாம் என்பவரும் உண்டு. அதுவும் அவர் முடிவே. வேண்டும் என்றால், அவர் தாங்கும் அளவில், அவர் நம்பும் ஒருவர் அருகிலிருக்க, மருத்துவரே சொல்லட்டும். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தவிப்பவர்கள் எங்களிடம் வாருங்கள். அது எங்கள் வேலையின் ஒரு பகுதி.

அந்த முதியவர் கதைக்கு வருகிறேன். மறுநாள் காலை, மகன் டீ வாங்கச் சென்றிருந்த நேரத்தில் அவரே கேட்டார். “பையன் மூணு நாளா ஒரு வார்த்தை அதட்டிப் பேசல சார். பெரிய வியாதியா?” தந்தையிடம் ஏதும் ஒளிந்திருக்கவில்லை, பேச ஆள்தான் இல்லை. மகனை வரவழைத்து, இருவரையும் அருகருகே உட்காரவைத்துச் சொன்னேன். முதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவர் கேட்ட முதற்கேள்வி, “வலி இருக்குமா?” என்பது. வலிக்கு மருந்து உண்டு, மார்ஃபின் உண்டு, வலியோடு விடமாட்டோம் என்றேன். இரண்டாவது கேள்வி செலவைப் பற்றியது. நிலம் விற்கும் செய்தி அப்போதுதான் வெளிவந்தது. அவர் மகனை அதட்டினார். மூன்று நாளில் முதன்முறையாக அந்த இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள்.

நோய் முழுமையாகக் குணமாகும் கட்டத்தைக் கடந்திருந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே, காப்பீட்டுத் திட்டத்தில், இயன்ற சிகிச்சை பெறுவது என்று அவர் முடிவு செய்தார். நிலம் விற்கப்படவில்லை. யாருக்குக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது என்று கணக்குகளைச் சொல்லி முடித்தார். ஏழு மாதங்கள் வீட்டில் இருந்தார். தீர்த்தமலைக்கு அழைத்துப்போகச் சொல்லி, ஏற முடியாமல் அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டு வந்ததை மகன்தான் பின்னர் எனக்குச் சொன்னார்.

படம் பாருங்கள். அழவும் சிரிக்கவும் செய்யுங்கள். படம் முடிந்ததும், கட்டிலில் இருப்பவர் விழித்திருந்தால், அவரிடம் பேசுங்கள்.