பிக்கப் ஆசையில் ஃபிளைவீலைக் குறைக்கலாமா?

கிளட்ச் தேய்ந்து கியர்பாக்ஸை இறக்கும் நாளில்தான் இந்தப் பேச்சு எழும். "எப்படியும் இறக்கியாச்சு, இலேசான ஃபிளைவீலையும் போட்டுவிடலாம் சார், பிக்கப் பிரமாதமா இருக்கும்" என்று பட்டறையில் யாராவது சொல்வார்கள். கூலி இருமுறை தர வேண்டியதில்லை என்பதால் உரிமையாளருக்கும் ஆசை வந்துவிடும். பந்தயத் தடத்தில் ஓடும் காருக்கு அது நல்ல யோசனை. அலுவலகம், பள்ளிக்கூடம், சொந்த ஊர் என்று அன்றாடம் ஓடும் காருக்கோ பெரும்பாலும் வீண் செலவு. சில கார்களில் கேட்டையும் விலை கொடுத்து வாங்குவதாகிவிடும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்றுக்கு ஒருமுறைதான் உந்து விசை பெறுகிறது. ஓர் உந்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே சுழற்சி தளரும். கால்மிதி தையல் மெஷினின் பெரிய சக்கரம், மிதிக்கும் மிதிக்கும் இடையில் ஊசியை நிற்கவிடாமல் ஓட்டுகிறது அல்லவா? காரில் அந்த வேலையை ஃபிளைவீல் செய்கிறது. உந்தும்போது ஆற்றலைச் சேமித்து, தளரும்போது திருப்பிக் கொடுக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பற்றிச் சுற்றும் பல்வளையம் அதன் விளிம்பில்தான் இருக்கிறது. கிளட்ச் பிளேட் வந்து அழுந்துவதும் அதன் முகத்தில்தான்.

எடையைக் குறைத்தால் எஞ்சின் சட்டென ரேஸ் ஆகும், சட்டென இறங்கும். ஆனால் குதிரைத்திறன் ஒரு துளியும் கூடாது. தன்னையே சுழற்றிக்கொள்ள எஞ்சின் செலவிடும் ஆற்றல் மட்டும் குறையும். அந்தப் பலனும் கீழ் கியர்களோடு தேய்ந்துவிடும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அச்சிலிருந்து சராசரியாக 10 செ.மீ. தள்ளி இருந்த 4 கிலோ இரும்பு நீங்கியதாக வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் ஆரம் 29 செ.மீ., முதல் கியரில் மொத்த விகிதம் 14. அப்போது கார் வேகமெடுப்பது ஏறத்தாழ 93 கிலோ எடையை இறக்கிவிட்டதைப் போல இருக்கும். ஐந்தாவது கியரில் மொத்த விகிதம் 3.5 என்றால் அதே மாற்றத்தின் மதிப்பு வெறும் 6 கிலோ. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது இந்தச் செலவு கைகொடுக்காது.

விலை உயர்ந்த கார்களில் இலேசான ஃபிளைவீல் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ.வின் வி10 எஞ்சின் ஐடிலிலிருந்து 9,000 சுற்றுக்கு 0.6 நொடியில் ஏறும். அதற்கு ஈடுகொடுக்க முள் மீட்டரால் முடியாது என்றே டிஜிட்டல் மீட்டர் வைத்தார்கள். ஆனால் அந்தக் காரில் கிளட்ச் பெடலே கிடையாது. போர்ஷே கரேரா ஜி.டி.யில் பெடல் உண்டு. அதன் செராமிக் கிளட்ச் 169 மி.மீ. விட்டமே கொண்டது, அதோடு சுழலும் நிறையும் குறைவு. நின்ற இடத்திலிருந்து நகர்த்தும்போது ஆஃப் ஆகிவிடும் கார் என்று உலகமெங்கும் அது பெயரெடுத்தது. 2016-இல் வந்த 911 ஆர் காரில் இலேசான ஃபிளைவீலை, விரும்புவோர் கேட்டு வாங்கும் கூடுதல் வசதியாகவே போர்ஷே வைத்தது. வேகத்தையே தொழிலாகக் கொண்ட நிறுவனம்கூட அதை எல்லோர் தலையிலும் கட்டவில்லை.

நம் சாலைகளுக்கு வருவோம். மாலை நெரிசலில் அரை கிளட்சில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏ.சி. கம்ப்ரசர் வேலை செய்யத் தொடங்கினால் எஞ்சின் ஒரு கணம் தளரும். கனமான ஃபிளைவீல் அந்தத் தளர்வை விழுங்கிவிடும். இலேசானது ஜெர்க்காகக் காட்டும், சில நேரம் வண்டி ஆஃப் ஆகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடு நின்று கிளம்ப வேண்டுமென்றால், கூடுதலாக ஆக்சிலரேட்டர் கொடுத்து கிளட்சை வழுக்க விட்டாக வேண்டும். மாதக்கணக்கில் இப்படி ஓட்டினால் புதிய கிளட்ச் பிளேட்டும் விரைவில் தேயும்.

இதைவிடக் கவனம் தேவைப்படுவது இரட்டை நிறை ஃபிளைவீல் உள்ள கார்களில். ஜெர்மனியின் லுக் நிறுவனம் 1985-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த அமைப்பு இது. இரண்டு தட்டுகளுக்கு நடுவே ஸ்பிரிங்குகள் அமர்ந்து, எஞ்சினின் அதிர்வு கியர்பாக்ஸுக்குப் போகாமல் தடுக்கின்றன. டீசல் கார்கள் பலவற்றில் இது உண்டு. மாற்றுவதற்கு விலை அதிகம் என்று இதை எடுத்துவிட்டு இலேசான ஒற்றைச் சக்கரத்தைப் பூட்டினால், ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தமிடும். முன்பு ஸ்பிரிங்குகள் தாங்கிய அதிர்வை இனி கியர் பற்களும் பேரிங்குகளும் தாங்க வேண்டும்.

எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாத காரியம் ஒன்றும் உண்டு. கம்பெனி ஃபிளைவீலை லேத்தில் கொடுத்து, கண்ணளவில் கடைந்து மெலிதாக்குவதுதான் அது. வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும். இழுவிசையில் எளிதில் விரிசல் விடும். சுழலும் வேகம் இருமடங்கானால் சக்கரத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும். கிளட்ச் சூடும் சேர்ந்து சக்கரம் சிதறினால், துண்டுகள் கியர்பாக்ஸ் உறையைப் பிளந்து ஓட்டுநரின் கால் வரை வரக்கூடும். அமெரிக்க டிராக் பந்தயங்களில் வேகமான கார்களுக்கு எஸ்.எஃப்.ஐ. 1.1 தரச் சான்று பெற்ற ஃபிளைவீல் கட்டாயமாக்கப்பட்டதற்கு இந்த ஆபத்துதான் காரணம்.

கோவை செட்டிப்பாளையத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் தடத்தில் ஓடும் கார்களுக்கு இலேசான ஃபிளைவீல் உரியது. அங்கே எஞ்சின் எப்போதும் உயர் சுற்றில் இருக்கும், ஊர்ந்து போகும் வேலை இல்லை. அன்றாடக் காரிலும் அந்தத் துடிப்பு வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள், ஒற்றை நிறை ஃபிளைவீல் கொண்ட பெட்ரோல் காராக இருந்தால், நடுத்தரமாக எடை குறைத்த எஃகுச் சக்கரத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும். மிக இலேசான அலுமினியம் தடத்தோடு இருக்கட்டும். சான்றும் சமநிலைச் சோதனையும் இல்லாத பொருள் என்ன விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம். ஸ்பிரிங் பொருத்திய கிளட்ச் பிளேட்டையே கேட்டு வாங்குங்கள். போல்ட்டுகளைப் புதிதாகப் போட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்கச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் பழைய ஃபிளைவீலின் முகத்தில் விரிசலோ, சூட்டால் நீலம் பாரித்த திட்டுகளோ இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னால் போதும். நன்றாக இருந்தால் அதையே திரும்பப் பூட்டுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் பேடும் வாங்குங்கள்.