டச் வேலை செய்யலையா? ரீசெட் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

போன ஞாயிற்றுக்கிழமை வத்தல்மலைக்குப் போயிருந்தேன். தருமபுரியிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர்தான். ஆனால், அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்று முடிந்தால் இன்னொன்று என்று வந்துகொண்டே இருக்கும். மேலே காபித் தோட்டம், சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக்கொடி, அன்றைக்கு நல்ல பனி வேறு. ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி வீடியோ எடுக்கலாம் என்று போனை எடுத்தால், விரல் வைத்த இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வைக்காத இடத்தில் என்னென்னவோ திறக்கிறது. யாருக்கோ கால் வேறு போய்விட்டது. (எங்கள் எடிட்டருக்கு. ஞாயிறு காலை 7 மணிக்கு!)

பெரியூரில் ஒரு டீக்கடையில் ஒதுங்கினேன். நான் போனைத் தட்டுவதையும் உதறுவதையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கடைக்கார அக்கா, "பனி பட்டா எல்லா போனும் இப்படித்தான் தம்பி. அதைத் துடைச்சா போதாது, உங்க கையையும் துடைங்க" என்றார். துடைத்தேன். சரியாகிவிட்டது. வாராவாரம் போன் டிப்ஸ் எழுதுகிறவனுக்கு இது தேவைதான்.

அக்கா சொன்னதில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. இப்போதைய போன்களின் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தும் கோடுகள் கட்டம் கட்டமாக ஓடுகின்றன. நம் விரல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், விரல் பட்ட இடத்தில் மின்புலம் லேசாக மாறும். அந்த மாற்றத்தை வைத்துத்தான் போன் 'இங்கே தொட்டார்கள்' என்று கண்டுபிடிக்கிறது. நகத்தால் தட்டினால் வேலை செய்யாததும் அதனால்தான். தண்ணீரும் இதே மாற்றத்தை உண்டாக்கும் என்பதால் ஒரு பனித்துளி போதும், போன் குழம்பிவிடும். காபிப்பழம் பறித்த கையின் பிசுபிசுப்பு, மாவு பிசைந்த கை, தடிமனான டெம்பர் கிளாஸ், அதன் ஓரத்தில் புகுந்த தூசி என எல்லாமே டச்சைக் கெடுக்கும். டெம்பர் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே முடிந்துவிடும். சாம்சங் போன்றவற்றில் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே பகுதியில் 'டச் சென்சிட்டிவிட்டி' என்று ஒன்று இருக்கும். கிளாஸ் ஒட்டியவர்கள் அதை ஆன் செய்துகொள்ளலாம்.

இன்னொன்று, சார்ஜ் போட்டிருக்கும்போது மட்டும் டச் தானாகக் குதிக்கிறதா? போன் மேல் சந்தேகப்படாதீர்கள், சார்ஜரைக் கழற்றுங்கள். மட்டமான சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல், விரல் தொட்டதுபோலவே போனை ஏமாற்றும்.

டீ குடித்து முடிக்கும்போது அக்கா கல்லாவிலிருந்து தன் போனை எடுத்து நீட்டினார். "இதுக்கு வழி இருந்தா சொல்லுங்க தம்பி." பத்து நாள் முன்பு வாசல்படியில் விழுந்ததாம். கண்ணாடி உடையவில்லை, படம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால், எங்கே தொட்டாலும் அசையவில்லை. கீழே ஒரு கடையில் காட்டியதற்கு, "ரீசெட் போட்டுப் பார்க்கலாம், உள்ளே இருக்கறதெல்லாம் போயிடும்" என்றிருக்கிறார்கள். வேண்டாம் என்று திரும்ப வாங்கி வந்துவிட்டார். போன வருடம் தவறிப்போன அவருடைய அம்மாவின் போட்டோக்கள் அந்த ஒரு போனில்தான் இருக்கின்றன. "கூகுள்ல ஏத்தி வைக்கலையாக்கா?" என்று கேட்டேன். "இங்க பேசறதுக்கே சிக்னலைத் தேடிப் போகணும். போட்டோ எங்க ஏறும்?"

அந்த அக்கா செய்ததுதான் சரி. கீழே விழுந்து டச் போன போனுக்கு ரீசெட் மருந்தே இல்லை. ரீசெட் என்பது உள்ளே இருக்கும் சாஃப்ட்வேரைக் கழுவுவது. அறுந்துபோன ஸ்ட்ரிப்பையோ விரிசல் விட்ட டச் லேயரையோ அது ஒட்டாது. போட்டோ போவது மட்டும் நிச்சயம். அதோடு, ரிக்கவரி மெனு வழியாக அழித்த ஆண்ட்ராய்டு போன், திரும்ப ஆன் ஆகும்போது பழைய கூகுள் அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டைக் கேட்கும். எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது, மொத்த போனும் ஹேங் ஆகிவிட்டதா, டச் மட்டும் போய்விட்டதா என்பதை. பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். ஸ்கிரீன் அணைந்து எரிகிறது, கடிகாரம் ஓடுகிறது, யாராவது கூப்பிட்டால் மணி அடிக்கிறது என்றால் போன் நன்றாகத்தான் இருக்கிறது, டச்தான் பிரச்னை. பட்டனுக்கும் அசையாமல் ஒரே படத்தில் உறைந்து நின்றால் ஹேங்.

ஹேங் என்றால் கட்டாய ரீஸ்டார்ட். இதில் எதுவும் அழியாது, பயப்பட வேண்டாம். சாம்சங்கில் வால்யூம் டவுன், பவர் இரண்டையும் சேர்த்து லோகோ வரும்வரை அழுத்திப் பிடியுங்கள். மற்ற ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பவர் பட்டனை மட்டும் 30 விநாடி வரை பிடித்தால் போதும். இடையில் கூகுள் அசிஸ்டென்ட் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாலும் கையை எடுக்காதீர்கள். ஐபோன் 8 மற்றும் அதற்குப் பிறகு வந்தவற்றில் வால்யூம் அப்பை ஒருமுறை தட்டி, வால்யூம் டவுனை ஒருமுறை தட்டி, பிறகு சைடு பட்டனை ஆப்பிள் லோகோ வரும்வரை பிடிக்க வேண்டும். புதிதாக ஏதோ ஆப் போட்ட பிறகுதான் அடிக்கடி ஹேங் ஆகிறது என்றால், அந்த ஆப்பைத் தூக்கிவிட்டுப் பாருங்கள்.

டச் மட்டும் போயிருந்தால்? இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள், ஒரு காலத்தில் நானும் செய்தேன். உடனே ரீஸ்டார்ட் செய்யாதீர்கள்! கைரேகை வைத்தால் போன் திறக்கிறதா? அப்படியென்றால் அதுதான் இப்போது உங்களிடம் இருக்கும் சாவி. ரீஸ்டார்ட் ஆன போன், முதல் தடவை கைரேகையை ஏற்காது. பின் நம்பரோ பேட்டர்னோ போட்டே ஆக வேண்டும். டச் இல்லாமல் அதை எப்படிப் போடுவீர்கள்?

டச்சுக்குப் பதிலாக வேலை செய்யும் ஒரு பொருள் இருக்கிறது. கம்ப்யூட்டர் மவுஸ். போனின் சார்ஜ் ஓட்டையில் ஒரு சின்ன ஓ.டி.ஜி. கனெக்டரைச் செருகி, அதில் சாதாரண யு.எஸ்.பி. மவுஸை மாட்டினால், ஸ்கிரீனில் அம்புக்குறி வந்துவிடும். கிளிக் செய்தால் தொட்ட மாதிரி, அழுத்திப் பிடித்து இழுத்தால் விரலால் இழுத்த மாதிரி. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இது வேலை செய்யும். ஆனால் ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: இவற்றில் பல மாடல்களில் ஓ.டி.ஜி. ஆஃப் ஆகியிருக்கும். சில மாடல்களில் ஆன் செய்தாலும், பயன்படுத்தாவிட்டால் கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். பூட்டிய நிலையில் யு.எஸ்.பி. பொருளை ஏற்காத போன்களும் உண்டு. கைரேகையில் திறந்த பிறகு மாட்டச் சொல்வது அதனால்தான்.

என் பையில் மவுஸும் இருந்தது, பென் டிரைவுக்காக வைத்திருந்த ஓ.டி.ஜி.யும் இருந்தது. மாட்டினேன். இரண்டு விநாடி ஒன்றும் இல்லை. பிறகு, அந்தச் சின்ன அம்புக்குறி. பேட்டர்னை நான் திரும்பிக்கொள்ள, அக்காவே மவுஸால் வரைந்தார். மூன்றாவது முயற்சியில் திறந்தது. கேலரியில் அம்மா இருந்தார். களத்தில் காபிக்கொட்டை காயவைக்கும் படம் ஒன்று, யாரோ எதிர்பாராமல் எடுத்ததால் வாயைப் பொத்திச் சிரிக்கும் படம் ஒன்று. அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான்தான் இறக்கி வைத்தேன்.

சிக்னல் இல்லாத ஊரில் அந்தப் படங்களை எங்கே ஏற்றுவது? அக்காவின் மகளைப் போனுடன் வரச்சொன்னோம். ஆண்ட்ராய்டில் இருக்கும் 'குயிக் ஷேர்' வசதிக்கு இன்டர்நெட் தேவையில்லை. இரண்டு போனிலும் புளூடூத், வைஃபை ஆன் செய்து பக்கத்தில் வைத்தால் போதும், நேரடியாகப் போய்விடும். எல்லாப் படங்களும் போக ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது. அதற்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

மவுஸ் கையில் இல்லாதவர்களுக்கும் சில வழிகள் உண்டு. ஒரு பட்டை மட்டும் செத்துப்போயிருந்தால் போனைப் பக்கவாட்டில் திருப்புங்கள். ஆட்டோ ரொட்டேட் ஆனில் இருந்தால், தொட வேண்டிய பட்டன் நல்ல இடத்துக்கு நகர்ந்து வரும். வரும் காலை எடுக்க ஹெட்செட்டின் பட்டன் போதும். ஓ.டி.பி. வர வேண்டும் என்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் ஆபத்து என்றால், 2016-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி பவர் பட்டனை வேகமாக 3 முறை அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும். புது ஆண்ட்ராய்டு பலவற்றில் இது 5 முறை. உங்கள் போனில் எத்தனை என்று செட்டிங்ஸில் 'எமர்ஜென்சி' என்று தேடி இன்றைக்கே பார்த்து வையுங்கள். அழுத்திப் பழகாதீர்கள், நிஜமாகவே 112-க்குப் போய்விடும்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்காதீர்கள். அரிசித் துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்லியிருக்கிறது. ஓட்டை கீழே பார்க்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டமாக வையுங்கள், காயும்வரை சார்ஜ் வேண்டாம். ஸ்கிரீன் ஒரு பக்கம் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அமுக்கி ஒட்ட முயற்சிக்காமல், சார்ஜ் போடாமல், நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அக்காவின் போனுக்கு டிஸ்ப்ளே காம்போ மாற்றித்தான் ஆக வேண்டும். அடுத்து தருமபுரிக்கு இறங்கும்போது மாற்றுவதாகச் சொன்னார். "டிஸ்ப்ளே மட்டும்தான், ரீசெட் வேண்டாம்னு சொல்லிக் கொடுங்கக்கா" என்றேன். "அதான் போட்டோ வந்துடுச்சே, இனி என்ன வேணா பண்ணட்டும்" என்றார். அதுவரைக்கும் இருக்கட்டும் என்று மவுஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இப்போது பெரியூரில் அந்த டீக்கடைக்குப் போனால், கல்லாப்பெட்டி மேல் மவுஸை உருட்டி போன் பார்க்கும் ஒருவரை நீங்கள் பார்க்கலாம்.