பணமும் நாமும்: எண்ணெய் நிதி வாங்காத பங்குகள்

நோர்வேயின் எண்ணெய் நிதியில் எமக்கும் பங்கிருக்கிறது என்று சொன்னால் எம்மவரில் பலர் சிரிப்பார்கள். மாத முடிவில் வீட்டுக்கடன் கட்டவே மூச்சு வாங்குகிறது, இதில் என்ன பங்கு என்பார்கள். ஆனால் எமது பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் எமது முதியோரைப் பார்க்கும் வைத்தியசாலைக்கும் அரசு செலவிடும் பணத்தில் ஒரு பகுதி அந்த நிதியிலிருந்தே வருகிறது. 1996இல் முதற்பணம் போடப்பட்ட நிதி, 2024 முடிவில் ஏறத்தாழ 20 இலட்சம் கோடி குரோணராக வளர்ந்திருந்தது. உலகப் பங்குச் சந்தைகளில் உள்ள கம்பனிகளில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவு அதற்குச் சொந்தம்.

ஆகவே அது எதை வாங்க மறுக்கிறது என்பது எமது விடயமும்தான். மறுக்கப்பட்ட கம்பனிகளின் பெயர்களை மத்திய வங்கி காரணத்தோடு வெளியிடுகிறது. எவரும் பார்க்கலாம்.

அந்தப் பட்டியலில் எமது கண் முதலில் போவது கண்ணிவெடிக்குத்தான். 2002இல், ஒழுக்க விதிகள் எழுதப்படுவதற்கு இரண்டு வருடம் முன்பே, சிங்கப்பூர் ரெக்னோலொஜீஸ் என்ஜினியரிங் என்ற கம்பனியின் பங்குகளை நிதி விலக்கியது. மிதிவெடித் தயாரிப்பே காரணம். மிதிவெடியைத் தடை செய்யும் உடன்படிக்கையின் வாசகம் 1997இல் ஒஸ்லோவில்தான் முடிவானது. இலங்கை அதில் சேர 2017 டிசம்பர் ஆனது. எமது ஊர்களில் மிதிவெடிகளை இரு தரப்பும் புதைத்தன. முகமாலையில் சண்டை முடிந்து பல வருடங்களின் பின்னும் அவற்றைக் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

2005இல் கொத்துக்குண்டுக்காக லொக்ஹீட் மார்ட்டின் முதலிய கம்பனிகளும், 2006இல் அணுவாயுதத்துக்காக போயிங் முதலியனவும் விலக்கப்பட்டன. 2010இல் புகையிலை. 2016இலிருந்து, வருமானத்தில் 30 வீதமோ அதற்கு மேலோ நிலக்கரியில் பெறும் கம்பனிகள். எண்ணெய் விற்ற காசு நிலக்கரியைத் தீண்டாமல் விலகி நிற்பதைப் பார்த்துப் புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை. சாராயமும் சூதாட்டமும் விலக்கப்படவில்லை. எமது சமூகத்தில் சிகரெட் கெடுத்த வீடுகள் கூடவா, போத்தல் கெடுத்த வீடுகள் கூடவா என்று எவராவது எம்மிடம் கேட்டிருந்தால் பட்டியல் வேறு மாதிரி இருந்திருக்கும்!

எம்மை உறுத்துவது இன்னொன்று. விலக்கப்படுவது ஆயுதத்தின் வகை மட்டுமே. சாதாரண குண்டும் பீரங்கியும் செய்பவருக்குத் தடை இல்லை. பங்கருக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த எமக்கு, மேலிருந்து விழுவது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை. 2021இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது: போர்ச் சட்டத்தைப் பாரதூரமாகவும் தொடர்ச்சியாகவும் மீறும் அரசுக்கு ஆயுதம் விற்கும் கம்பனியையும் விலக்கலாம் என்று. அந்த 'லாம்' என்ற எழுத்தில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. 2025 நவம்பரில் நாடாளுமன்றம் விதிகளை மீளாய்வுக்கு அனுப்பி, அது முடியும்வரை புதிய விலக்கல்களை நிறுத்தி வைக்க வாக்களித்தது.

பங்கை விற்றால் கம்பனிக்கு என்ன நட்டம், வேறொருவர் வாங்கிவிடுவாரே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனாலும் காரணத்தோடு பெயர் வெளிவருவதை எந்தக் கம்பனியும் விரும்புவதில்லை. மேற்சொன்ன சிங்கப்பூர்க் கம்பனி 2015இல் தான் மிதிவெடித் தயாரிப்பை விட்டுவிட்டதாக அறிவித்தது. இந்த நிதி ஒன்றினால் மட்டும் அது நடந்தது என்று நாம் சொல்லமாட்டோம்.

இனி எமது கைக்கு எட்டுவது. மீன் தொழிற்சாலையிலோ, துப்பரவு வேலையிலோ, முதியோர் இல்லத்திலோ வேலை செய்யும் எம்மவருக்கும் தொழில் ஓய்வூதியம் உண்டு. 2006இலிருந்து தனியார் முதலாளிகளும் அதைக் கட்டவேண்டும். சம்பளத்தில் குறைந்தது 2 வீதம். அதுவும் பெரும்பாலும் பங்குகளில்தான் போடப்படுகிறது. 2021இலிருந்து தனியார் துறையில் இந்தப் பணம் ஒரே கணக்கில் சேர்வதால் பார்ப்பது சுலபம். எந்த நிதியில் போட்டிருக்கிறது, அது எந்தக் கம்பனிகளை விலக்குகிறது என்று ஓய்வூதியக் கம்பனியிடம் எழுத்தில் கேளுங்கள். மொழி தடையென்றால் பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் எழுதித் தருவார்கள். பதில் வந்ததும் எமக்கும் ஒரு பிரதி அனுப்பினால் அடுத்த இதழில் ஒப்பிட்டுப் பார்ப்போம்.