லெஃப்ட் போட்டா ரைட் எரியுது!

எங்க வீட்டுல ஒரு 1998 மாடல் கார் இருக்கு. அப்பா வாங்கினது. 15 வருஷம் முடிஞ்சு 2013ல ஒரு தடவை, அப்புறம் 2018, 2023ன்னு அஞ்சு அஞ்சு வருஷமா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல காட்டி ரிஜிஸ்ட்ரேஷனை புதுப்பிச்சு ஓடிக்கிட்டு இருக்கு. இஞ்சின் இன்னமும் கல்லு மாதிரி. பிரச்சனை எல்லாம் ஸ்டியரிங் பக்கத்துல இருக்கற இண்டிகேட்டர் லிவர்தான். ஆறு மாசமா லொடலொடன்னு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

எனக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அப்பா அதுக்கு கறுப்பு இன்சுலேஷன் டேப் சுத்தி வச்சிருந்தார். நான் அதைப் பார்த்து சிரிச்சேன், அவ்வளவுதான். ஆபீஸ்ல இதே மாதிரி ஒண்ணு வந்திருந்தா அன்னிக்கு ராத்திரியே உட்கார்ந்து சரி பண்ணியிருப்பேன். வீட்டு கார்தானேன்னு விட்டுட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா ஓட்டறார், நான் பக்கத்துல. எங்க தெருவுக்கு இடது பக்கம் திரும்பணும். அப்பா ஒழுங்கா லெஃப்ட் இண்டிகேட்டர் போட்டார், நான் கண்ணால பார்த்தேன். திருப்பத்துக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு ஸ்பீடு பிரேக்கர். வண்டி குதிச்சதுல லிவர் நழுவி, நடுவுலயும் நிக்காம அந்தப் பக்கம் போய் விழுந்துடுச்சு. இப்ப எரியறது ரைட். நாங்க ரெண்டு பேருமே கவனிக்கல. பின்னாடி பைக்ல வந்த பையன், நாங்க வலது பக்கம் போறோம்னு நெனச்சு இடது பக்கமா முந்த வந்தான். அப்பா இடது பக்கம் திருப்பினார். பம்பர்ல உரசி பையன் கீழ விழுந்துட்டான். நல்லவேளை முழங்கையில சிராய்ப்போட போச்சு.

"ரைட்தானே சார் போட்டீங்க?"ன்னு அவன் கேட்கறான். "இல்லப்பா, லெஃப்ட்தான் போட்டேன்"னு அப்பா சொல்றார். ரெண்டு பேர் சொன்னதும் உண்மை! பொய் சொன்னது அந்த லிவர் மட்டும்தான்.

அன்னிக்கு ராத்திரி அப்பா சாப்பிடல. "இனிமே நான் ஓட்ட வேண்டாம்டா"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டார். முப்பது வருஷமா ஓட்டற மனுஷன். தப்பு தன்னோட கை மேலன்னு நெனச்சுட்டார். அதுதான் எனக்கு தாங்கல.

மறுநாள் ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன். திறந்துகூட பார்க்காம, "காம்பினேஷன் சுவிட்ச் செட்டோட மாத்தணும் சார், ஸ்டியரிங் வீலை கழட்டணும், 2,400 ஆகும். இந்த வண்டிக்கு இவ்வளவு செலவு பண்றதுக்கு வித்துடலாமே"ன்னு இலவச ஆலோசனை வேற. வீட்டுக்கு வந்து நானே ஸ்க்ரூடிரைவரை எடுத்தேன்.

சமாச்சாரம் ரொம்ப சிம்பிள். லிவர் ஒரு அச்சுல ஆடுது. உள்ள ஒரு ஸ்பிரிங்கும் அது தள்ளற சின்ன இரும்பு குண்டும் இருக்கு. லெஃப்ட், நடு, ரைட்னு மூணு பள்ளம். குண்டு பள்ளத்துல போய் உட்காரும்போதுதான் 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும். திருப்பம் முடிஞ்சு ஸ்டியரிங் நேரா வரும்போது, அதோட சேர்ந்து சுத்தற ஒரு முனை லிவரைத் தட்டி நடுவுக்கு கொண்டு வந்துடும். இவ்வளவுதான் மொத்த டெக்னாலஜி.

பேட்டரியோட நெகட்டிவ் ஒயரை கழட்டிட்டு, ஸ்டியரிங் கீழ இருக்கற பிளாஸ்டிக் கவரோட ஸ்க்ரூவை எல்லாம் எடுத்தேன். டார்ச் அடிச்சுப் பார்த்தா, லிவரைப் பிடிச்சிருக்கற அச்சு ஸ்க்ரூ பாதி கழண்டு வெளிய நிக்குது. அதனால லிவர் தூக்கிக்கிட்டு, குண்டு பள்ளத்துல உட்காராம மேலோட்டமா உருண்டுக்கிட்டு இருந்திருக்கு. ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கினேன். ரொம்ப முடுக்கினா லிவர் அசையாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா. 'டக்'. ஆறு மாசம் கழிச்சு அந்த சத்தம்! வாஷர் விலை ரெண்டு ரூபா. முக்கால் மணி நேர வேலை.

இப்ப என் கருத்து.

ஒண்ணு, தப்பான சிக்னல் சிக்னலே இல்லாததை விட மோசம். இண்டிகேட்டர் போடாத வண்டியைப் பார்த்தா நாம ஜாக்கிரதையா இருப்போம். போட்ட வண்டியை நம்பிடுவோம். ஏற்கெனவே நம்ம ஹைவேல லாரிக்காரர் ரைட் இண்டிகேட்டர் போட்டா, அவர் திரும்பறாரா, இல்ல நம்மள முந்தச் சொல்றாரான்னு குழம்பிக்கிட்டு இருக்கோம். அதுல லிவரும் சேர்ந்து பொய் சொன்னா?

ரெண்டு, பல கார்ல இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு போனா மத்தது வேகமா மின்னி சொல்லிடும். லூசான லிவர் அப்படி எதுவும் சொல்லாது. ஆட ஆரம்பிச்சதுதான் அதோட எச்சரிக்கை. அதை டேப் சுத்தி மூடினது நாங்க. இந்த 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' குணத்துல படிச்சவன் படிக்காதவன் வித்தியாசம் இல்லை. எதிர்ல வர்றவன் அட்ஜஸ்ட் பண்ணிக்க முடியாதுங்கறதுதான் மறந்து போகுது.

மூணு, எதுக்கெடுத்தாலும் 'செட்டோட மாத்து'. பாகம் உடைஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும், புதுப்பேட்டையில தேடினா பழைய பாகமும் கிடைக்கும். ஆனா திறந்து பார்க்கறதுக்கு முன்னாடியே மாத்தச் சொல்றது ரிப்பேர் இல்லை, வியாபாரம். ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு சொல்ற எங்க ஆளுங்களுக்கும் இது பொருந்தும், ஒத்துக்கறேன் :-)

அப்பாவை கூட்டிட்டு வந்து அந்த ஸ்க்ரூ இருந்த இடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். லெஃப்ட், ரைட், லெஃப்ட்னு நாலு தடவை போட்டுப் பார்த்தார். "அப்ப என் கை இல்ல"ன்னார். சாயந்திரம் அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வந்தோம். ஓட்டினது அப்பாதான்.

உங்க வண்டியில நீங்க டேப் சுத்தி வச்சிருக்கறது எதுன்னு இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பாருங்க.

டிஸ்கி: எங்க கார்ல ஏர்பேக் கிடையாது, அதனாலதான் நானே கை வச்சேன். ஜூலை 2019லேருந்து புது கார்ல டிரைவர் ஏர்பேக் கட்டாயம். அந்த மாதிரி வண்டியில ஸ்டியரிங்கை நோண்டாதீங்க, தெரிஞ்ச மெக்கானிக்கிட்டயே விடுங்க.