குட்டிக் குழந்தைகளோடு தீவுக்கா? கொஞ்சம் நிதானமாக!

‘அந்தமான் - 6 நாள், 5 இரவு, 11 இடங்கள்!’ என்று டிராவல்ஸ்காரர் ஒரு காகிதத்தை நீட்டுவார். முதல் நாள் செல்லுலார் ஜெயில், ராத்திரி ஒலி-ஒளிக் காட்சி. இரண்டாம் நாள் பின்னிரவு மூன்று மணிக்கே எழுந்து பாரடாங் சுண்ணாம்புக் குகை. மூன்றாம் நாள் கப்பல், மத்தியானம் ஒரு பீச், சாயங்காலம் இன்னொரு பீச்... படிக்கும்போதே பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். உங்கள் வீட்டு மூன்று வயசு வாண்டு இதில் எங்கே சாப்பிடும், எப்போது தூங்கும், எந்த இடத்தில் ‘பாத்ரூம் வருது’ என்று நெளியும் என்பது பற்றி அந்தக் காகிதத்தில் ஒரு வரிகூட இருக்காது.

‘கொடுத்த காசுக்கு எல்லாத்தையும் பார்த்துட்டு வந்துடணும்’ என்பது நம் வீடுகளில் ஊறிப்போன எண்ணம். நவக்கிரக ஸ்தலம் ஒன்பதையும் வேனில் ஒரே மூச்சில் சுற்றி வந்து, ‘எல்லாம் திவ்யமா ஆச்சு’ என்று மாட வீதியில் சொல்லிக்கொள்கிறவர்கள்தானே நாம்! தெய்வ காரியத்துக்கு அது சரி. ஐந்து வயசுக்குள் குழந்தை இருக்கிற வீட்டின் கடற்கரை விடுமுறைக்கு அது சரியே இல்லை என்பது என் கட்சி. ஒரே தீவு, ஒரே அறை, நாலு ராத்திரி. அவ்வளவுதான் டூர்!

காரீபியன் தீவுகள் நமக்கு கிரிக்கெட் வர்ணனையில்தான் பழக்கம். பார்படாஸ், ஆன்டிகுவா, ஜமைக்கா... அங்கே கைக்குழந்தைகளோடு வருகிற அமெரிக்கக் குடும்பங்களில் பல, வாரம் முழுக்க ஒரே ஹோட்டலில் கிடக்கும். காலையில் மணல், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மறுபடி மணல். ‘இதுக்கா இவ்வளவு செலவு பண்ணிண்டு போறா?’ என்று நம் பாட்டிமார்கள் கேட்பார்கள். ஆமாம், இதுக்குத்தான்.

அந்த மாதிரி ஒரு விடுமுறைக்கு நமக்கு எட்டுகிற தீவு அந்தமான். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். (கப்பலும் உண்டு. சுமார் மூன்று நாள் ஆகும். குழந்தையோடு நினைக்கவே வேண்டாம்!) போர்ட் பிளேர் 2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லக் 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப். பக்கத்திலிருக்கும் நீல் தீவு ஷஹீத் த்வீப். டிக்கெட்டில் புதுப் பெயரைப் பார்த்துத் திகைக்காதீர்கள். பழைய பெயர் சொன்னாலும் ஆட்டோக்காரருக்குப் புரியும். போர்ட் பிளேரில் பல இடங்களில் தமிழே பேசலாம். முருகன் கோயில்கூட இருக்கிறது.

எப்போது போவது? மே மாத லீவு என்று யோசிக்கிறீர்களா? நமக்குக் கத்திரி வெயில் முடிகிறதற்குள்ளேயே அங்கே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். மே மூன்றாம் வாரத்தில் வழக்கமாக அது முதலில் தொடுகிற இடமே அந்தமான் கடல்தான். அக்டோபர், நவம்பரில் புயல் பயம். டிசம்பர் கடைசியில் கூட்டம், விலை இரண்டுமே ஆகாயத்தில். கடல் சாதுவாக இருப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. ‘ஸ்கூல் இருக்கே?’ என்பீர்கள். எல்.கே.ஜி. குழந்தை நாலு நாள் லீவு போட்டால் அதன் ஐ.ஏ.எஸ். கனவு ஒன்றும் பாழாகிவிடாது! பொங்கல் லீவோடு இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் ஒரு வேடிக்கை. நம் கடிகாரமும் அந்தமான் கடிகாரமும் ஒரே நேரம்தான் காட்டும். ஆனால் சூரியனுக்கு அது தெரியாது! நம்மைவிட வெகு கிழக்கே இருப்பதால் அங்கே எல்லாம் ஏறக்குறைய 50 நிமிஷம் முன்னாலேயே நடந்துவிடும். ஜனவரியில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். பதினொன்றரைக்கு சூரியன் உச்சியில். ஐந்தேகாலுக்குள் அஸ்தமனம். ‘பத்து மணிக்கு டிபனை முடிச்சுட்டு நிதானமா பீச்சுக்குப் போகலாம்’ என்று கிளம்பினால் நேராக உச்சி வெயிலில் போய் நிற்பீர்கள். அங்கே குழந்தைக்கான நேரம் விடிந்ததிலிருந்து எட்டரை, அப்புறம் மூன்றிலிருந்து இருட்டும் வரை. நடுவில் சாப்பாடு, மின்விசிறி, தூக்கம்.

‘நம்ம நிறத்துக்கு வெயில் ஒண்ணும் பண்ணாது’ என்பதை நம்பாதீர்கள். நம் தோலும் கன்றும். அதைவிட முக்கியம், குழந்தையின் உடம்பில் நீர் வற்றிப் போவது. முழுக்கை பனியன், தொப்பி, மணிக்கொருதரம் நாலு மடக்கு தண்ணீர். ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிழல்தான் மருந்து, க்ரீம் வேண்டாம். பெரிய குழந்தைக்கு சன்ஸ்க்ரீன் போட்டாலும் இரண்டு மணிக்கொருமுறை மறுபடி போட வேண்டும்.

வயிற்றுப்போக்கு வந்தால் கை கொடுப்பது ஓ.ஆர்.எஸ். பொடிதான். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீரில் கரைக்கச் சொல்லியிருக்கிறதோ அந்த அளவேதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்கள் அந்த வேலையைச் செய்யாது. அவற்றின் பெயரில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. மயிலாப்பூரிலேயே மருந்துக் கடையில் நாலு பாக்கெட் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லக் போக, படகைப் பொறுத்து ஒன்றரையிலிருந்து இரண்டரை மணி நேரம். கடல் கொஞ்சம் ஆடினாலும் வாந்தி எடுப்பது பெரும்பாலும் இரண்டு வயசுக்கு மேற்பட்ட குழந்தைகள்தான். அதைவிடச் சின்னது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வரும்! வெறும் வயிறும் கூடாது, பூரி மசாலாவும் கூடாது. கிளம்புமுன் இரண்டு இட்லி போதும். படகின் நடுப் பகுதியில் சீட் கேளுங்கள். மாத்திரை என்றால் உங்கள் குழந்தை டாக்டரிடம் எடையைச் சொல்லி அளவு கேட்டு வாங்குங்கள். பெரியவர்கள் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இனி கடலுக்கு வருவோம். உள்ளபடியே பயப்பட வேண்டிய இடம் இதுதான்.

மயிலாப்பூர் குழந்தைக்குக் கடல் புதிதில்லை. பட்டினப்பாக்கம், சாந்தோம், மெரினா... நடக்கிற தூரம். ஆனால் அதற்குத் தெரிந்த கடல், சுண்டலும் பலூனும் குதிரையும் காலை நனைக்கிற அலையும்தான். மெரினாவில் இழுப்பு அதிகம். இறங்கினால் போலீஸ் விரட்டும், அது நியாயமும்கூட. விளைவு? கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தும் நீந்தத் தெரியாத அப்பா, அம்மா, குழந்தைகள். இவர்கள் அந்தமானில் கண்ணாடி மாதிரி தெளிந்த, அலையே இல்லாத தண்ணீரைப் பார்த்ததும் ‘அட, இது குளம் மாதிரின்னா இருக்கு!’ என்று மனசு தளர்ந்துவிடுகிறார்கள்.

தண்ணீரில் மூழ்குகிற குழந்தை, சினிமாவில் வருகிற மாதிரி கையை ஆட்டி ‘காப்பாத்துங்க’ என்று கத்தாது. வாய் தண்ணீருக்குள் போய்விட்டால் குரல் எழும்பாது. இடுப்பளவு ஆழம்கூட வேண்டாம், முழங்கால் ஆழமே போதும். ஓரிரு நிமிஷத்தில், சத்தமில்லாமல் முடிந்துவிடும். பத்துப் பேராகப் போகிற குடும்பத்தில்தான் இந்த ஆபத்து அதிகம் என்பேன். அத்தை பார்த்துக்கொள்கிறாள் என்று மாமா, மாமா பார்த்துக்கொள்கிறார் என்று அத்தை. ஒரு குழந்தைக்கு ஒரு ஆள் என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள். அவர் கை நீட்டினால் குழந்தை எட்ட வேண்டும். செல்போன் அவர் கையில் இருக்கக் கூடாது, ‘ஒரே ஒரு போட்டோ’வுக்குக்கூட! இருபது நிமிஷம் கழித்து, ‘இனி உன் முறை’ என்று வாய்விட்டுச் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். காற்றடைத்த ட்யூப், கைப்பட்டை எல்லாம் விளையாட்டுச் சாமான்கள். கரைக்காற்று அடித்தால் ட்யூப் குழந்தையோடு உள்ளே போய்விடும்.

பீச்சையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஹேவ்லக்கில் கடற்கரைகளுக்கு நம்பர் உண்டு. 7-ஆம் நம்பர் ராதாநகர். 2004-இல் ‘டைம்’ பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதிய பிறகு பேரும் புகழும் அடைந்தது. சூரிய அஸ்தமனத்துக்கு ஈடு இணையில்லை. ஆனால் அலை உண்டு. குளிக்க எல்லை குறித்த இடத்தைத் தாண்டக் கூடாது. குட்டிகள் உட்கார்ந்து விளையாட 5-ஆம் நம்பர் விஜயநகரோ, நீல் தீவின் பரத்பூரோ தேவலை. ஆழம் மெதுவாகத்தான் கூடும். தண்ணீர் வற்றும் நேரத்தில் பவளப்பாறை வெளியே தெரியும், காலைக் கிழிக்கும். ரப்பர் செருப்பு கட்டாயம். என்றைக்கு எத்தனை மணிக்கு நீர் ஏறும், இறங்கும் என்று ஹோட்டலில் கேட்டால் சொல்வார்கள். ‘முதலை - எச்சரிக்கை’ என்று பலகை இருந்தால் அது அலங்காரத்துக்கு இல்லை. அந்தக் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் நிஜமாகவே உண்டு. 2010-இல் ஹேவ்லக்கிலேயே ஒரு வெளிநாட்டுப் பயணி பலியானார்.

குளித்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, காதைத் துணி முனையால் வெளியே மட்டும் ஒற்றி எடுங்கள். காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடும் பாட்டி வைத்தியத்துக்கு மட்டும் இந்த ஒரு வாரம் லீவு கொடுத்துவிடுங்கள், பாட்டி கோபித்துக்கொண்டாலும் சரி!

பாட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. தாத்தா பாட்டியைக் கூட்டிக்கொண்டு போவது நல்ல விஷயம். ஆனால் எதற்காகக் கூட்டிப் போகிறீர்கள்? அவர்களும் கடல் பார்க்கவா, நீங்கள் ஸ்கூபா டைவிங் போகும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்ளவா? அம்மாவின் கதையும் இதேதான். பெட்டியில் முதலில் ஏறுவது எலக்ட்ரிக் குக்கர், அப்புறம் புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி. ஹோட்டல் அறையிலும் அவள் சமைத்து, துணி அலசி, மருந்து கொடுத்து, மிச்ச நேரத்தில் கடலைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் விடுமுறையா? ஒரு வயசுக் குழந்தைக்குக் குழைவாக ஒரு பிடி சாதம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஹோட்டலில் முன்கூட்டியே சொன்னால் குழைந்த சாதமும் தயிரும் தர மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. ஹேவ்லக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் குடியேறிய ஊர். அரிசிக்குப் பஞ்சமே கிடையாது. விடிகாலை பீச் டியூட்டியை அப்பா எடுத்துக்கொள்ளட்டும். அம்மா ஏழு மணி வரை தூங்கட்டும்.

ஹேவ்லக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டிப் போர்ட் பிளேர்தான் வர வேண்டும். அதனால் கிளம்புகிற வாரத்தில் குழந்தைக்குக் காய்ச்சலோ வீஸிங்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். இன்ஹேலர் உபயோகிக்கிற குழந்தை என்றால் அதையும் ஸ்பேசரையும் கைப்பையில் வையுங்கள், லக்கேஜில் போடாதீர்கள். காற்று பலமானால் படகை நிறுத்திவிடுவார்கள், ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தின ராத்திரி போர்ட் பிளேர் வந்துவிடுவது உத்தமம். அன்றைக்கு நேரம் மிச்சமிருந்தால் செல்லுலார் ஜெயிலைப் பகலில் பாருங்கள்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம். நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் இருக்கிறது. 2021-இல் நீலக்கொடி சான்றிதழ் வாங்கிய கடற்கரை. ஒரு சனிக்கிழமை அங்கே அறை எடுத்து ஒரே ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். புது இடத்தில் குழந்தை தூங்குகிறதா, மணலைக் கண்டு சிரிக்கிறதா, அலறுகிறதா, அப்பா நிஜமாகவே ஐந்தரைக்கு எழுந்திருக்கிறாரா, எல்லாம் தெரிந்துவிடும். சரிப்பட்டு வரவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு மயிலாப்பூர் வந்து சேர்ந்துவிடலாம்.